அம்மா விழுந்தது ஆஸ்பத்திரியில், ஏட்டில் இருப்பது வீட்டில்

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 71 வயது. மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். இரண்டாம் நாள் இரவு நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தேன். பாத்ரூம் போக எழுந்த அம்மா கட்டிலில் இருந்து விழுந்துவிட்டார். பக்கக் கம்பியை ஏற்றி வைக்கவில்லை, அழைப்பு மணியும் வேலை செய்யவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. "வயசானவங்களை விட்டுட்டு எங்க போனீங்க?" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைச் சத்தம் போட்டார். தம்பி கோபத்தில் ரிசப்ஷன் கண்ணாடியை உடைத்துவிட்டான். மீதி பில் 42,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து, 'எந்தப் புகாரும் இல்லை' என்ற தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு நாள் வீட்டில் வைத்திருந்து, பிறகு திருவனந்தபுரம் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். இன்ஷூரன்ஸ் போக எங்களுக்கு 1,60,000 ரூபாய் செலவு. ஆஸ்பத்திரியில் விழுந்தது என்று சொன்னால் சேர்க்க யோசிப்பார்களோ என்று பயந்து, அத்தான் அங்கே 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லிவிட்டார். 20 மாதம் ஆகிவிட்டது. அந்த டாக்டரை உள்ளே தள்ள முடியுமா?

பதில்: முடியாது. அதற்கு அலையவும் வேண்டாம். மருத்துவரைக் குற்றவழக்கில் நிறுத்தச் சாதாரண கவனக்குறைவு போதாது, அது மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. போலீசும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் நகராது. அதைவிட, உங்கள் டாக்டர் செய்த மூட்டு ஆபரேஷனில் குறை இருப்பதாக நீங்களே எழுதவில்லை. அவர் சத்தம் போட்டது மரியாதைக் குறைவு, அலட்சியச் சிகிச்சை அல்ல. கம்பியை ஏற்றாமல் விட்டது இரவு டியூட்டி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை. நுகர்வோர் ஆணையத்தில் அதை மட்டும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். சர்ஜனையும் சேர்த்தால் வழக்கு கம்பியை விட்டு முழங்காலுக்குப் போய்விடும்.

'புகாரும் இல்லை' தாளை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கையெழுத்துப் போட்டது நீங்கள், நோயாளி உங்கள் அம்மா. நல்ல நினைவோடு இருந்த அவருடைய உரிமையை மகள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. சமீரா கோலி வழக்கில் (2008) மயக்கத்தில் இருந்த மகளுக்காக அறுவைக்குத் தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று ஆனது. அதனால் மனு அம்மா பெயரில்தான் போக வேண்டும். அந்த 42,000 கணக்கில் கழியும், அவ்வளவுதான்.

இனி உண்மையான சிக்கல். உங்கள் கடிதத்தில் அத்தான் விஷயத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் வழக்கே அந்த வரிதான்.

திருவனந்தபுரத்து கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அது ஏறியிருக்கும். இன்ஷூரன்ஸ் படிவத்திலும் அதே வாசகம் போயிருக்கும், அனேகமாக உங்கள் கையெழுத்தோடு. எதிர்த்தரப்பு வக்கீல் ஆணையத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பில் முதலில் வைப்பது அதைத்தான். நம் ஊர் மருத்துவமனை "இங்கே விழவே இல்லை" என்று சொல்லும் என்று நினைக்காதீர்கள். அது பழைய தந்திரம். "இங்கே விழுந்தது உண்மை, சின்ன விரிசல்தான், வீட்டுக்குப் போய் மறுபடி விழுந்ததில்தான் எலும்பு முறிந்தது, எங்கள் ஏடு அல்ல, அவர்கள் ஏடே சொல்கிறது" என்பார்கள். இடையில் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தீர்களே, அந்த ஒரு நாள் அவர்களுக்குப் போதும். ஆபரேஷன் செலவு முழுக்க உங்கள் தலையில் வந்து விழும். சிகிச்சைக்குப் பார்டர் தாண்டி ஓடுகிற குடும்பங்களின் வழக்குக் கட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவசரத்தில் வாசலில் நிற்பவர் வாயில் வந்ததைச் சொல்வார், அது ஏட்டில் ஏறிவிடும். இத்தனைக்கும் உண்மையைச் சொல்லியிருந்தாலும் சேர்த்திருப்பார்கள்.

இதை அழிக்கப் போகாதீர்கள். ரெக்கார்ட் ரூமில் ஆளைப் பிடித்து வரியை மாற்றலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால், அவரோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். செய்ய வேண்டியது வேறு. விழுந்த மறுநாள் காலை நம் ஊர் மருத்துவமனை எக்ஸ்ரே எடுத்திருக்கும். அந்த ஃபிலிமில் அம்மா பெயரும் தேதியும் இருக்கும். பரணிலோ அலமாரிக்குப் பின்னாலோ கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள். கிடைத்தால் திருவனந்தபுரத்து ஃபிலிமையும் சேர்த்து அங்கே ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே காட்டி, இரண்டும் ஒரே முறிவுதானா என்று எழுத்தில் கேளுங்கள். 'ஆம்' என்று அவர் எழுதித் தந்தால் 'மறுபடி விழுந்தார்' என்ற கதை அங்கேயே முடிந்தது. அத்தான் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மனுவிலேயே நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டும், அவருடைய பிரமாண வாக்குமூலத்தோடு. எதிராளி எடுத்துக் காட்டிய பிறகு விளக்கம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நம் ஊர் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை, நர்ஸ் குறிப்புகளோடு, எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. மூன்று வருடம்தான் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். 'துணைக்கு இருப்பவரிடம் எச்சரித்தோம்' என்று அதில் இருக்கும். இருக்கட்டும். மணி வேலை செய்யாத வார்டில் துணைக்கு இருப்பவர் வெந்நீருக்குப் போகத்தான் செய்வார்.

ஃபிலிம் கிடைக்கவில்லையா? அப்படியானால் சமாதானம் பேசுங்கள். கிடைத்தாலும் சமாதானத்தையே சொல்வேன். மூன்று லட்சத்தில் ஆரம்பியுங்கள், இரண்டுக்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கான பணத்தை அதில் கழிக்கச் சொல்லுங்கள். தம்பி செய்தது தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீன் இல்லாத குற்றம், மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. அவர்கள் அதை இன்னும் எடுக்கவில்லை என்றால், வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

ஆனால் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிடாதீர்கள். நுகர்வோர் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு, அது முடிய உங்களுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. 'அடுத்த வாரம் மேனேஜ்மெண்ட் கூடுது', 'எம்டி ஊர்ல இல்ல' என்றே அதைக் கடத்திவிடுவார்கள். கெடு தாண்டியதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஆணையத்திடம் கேட்கும்போது, பேசிக்கொண்டிருந்தோம் என்பது பெரும்பாலும் எடுபடாது. மனுவை நாகர்கோவிலில் தாக்கல் செய்துவிட்டே பேசுங்கள். கொடுங்காயம் உண்டான மருத்துவ வழக்கை ஆணையம் சமரச மையத்துக்கு அனுப்பாது, 2020 விதியிலேயே விலக்கு இருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். எனவே வக்கீல்கள் இருவரும் வெளியே உட்கார்ந்து முடித்து, ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். காசோலை அம்மா பெயருக்கு இருக்கட்டும், அது பணமான பிறகே மனுவை வாபஸ் வாங்குங்கள்.