மரத்தில் இருளும் படம், கண்ணாடியில் தூக்கும் ஓரம்

கேள்வி: போலராய்டு (எடுத்த உடனே கேமராவிலிருந்து வெளிவரும்) படத்தின் படலத்தை வெந்நீரில் உரித்து வாட்டர்கலர் தாளில் ஒட்டினேன், அருமையாக வந்தது. அதையே மரப்பலகையில் செய்தால் படம் இருண்டுவிடுகிறது. கண்ணாடியில் காய்ந்ததும் ஓரம் தூக்கிக்கொள்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

உங்கள் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தாளில் படம் நன்றாக வந்ததற்குப் பாதிக் காரணம் தாளின் வெள்ளை. உரிந்து வரும் படலம் ஒளி ஊடுருவும். அதில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. போலராய்டில் ஒரு சட்டை வெள்ளையாகத் தெரிகிறதென்றால், படலத்துக்குப் பின்னால் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிதான் அப்படிக் காட்டுகிறது. தூரிகையால் நீங்கள் தள்ளிவிடுகிற அந்தப் பால் மாதிரியான கசடு அதேதான். அதைக் கழுவிவிட்டுப் பழுப்பு மரத்தில் ஒட்டினால் சட்டையும் பழுப்பாகிவிடும்.

கசடைக் கொஞ்சம் விட்டுவைக்கலாமே என்று தோன்றும். செய்து பார்க்கலாம், ஆனால் திட்டுத்திட்டாக நிற்கும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை ஜெஸ்ஸோ (ஓவியர்கள் அடிப்பூச்சாகப் பூசுவது) இரண்டு பூச்சு கொடுப்பதே என் கட்சி. பூசாத மரம் தண்ணீரை மடமடவென்று உறிஞ்சிவிடும்; சுருக்கத்தை நீவுவதற்குள் படலம் பிடித்துக்கொள்ளும். மரத்தின் ரேகை தெரிந்தே ஆக வேண்டுமா? அப்படியானால் இருண்ட பகுதிகள் அதிகமுள்ள படமாகத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடியில் சிக்கல் பிடிமானம். படலத்தில் இருக்கும் ஜெலட்டின்தான் பசை. தாளின் நாரில் அது கவ்விக்கொள்ளும், வழவழப்பில் கவ்வ இடமில்லை. முதலில் ஆல்கஹாலால் விரல் பிசுக்கைத் துடையுங்கள். அப்புறம் நீர்த்த ஜெலட்டின் கரைசலை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். ஒட்டும்போது கண்ணாடியைத் தண்ணீருக்குள்ளேயே படலத்தின் அடியில் சாய்வாக நுழைத்து, மேல் விளிம்பை ஒரு விரலால் பிடித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். படலத்தை இழுத்து விறைப்பாக்க வேண்டாம். ஈரத்தில் ஊதிய ஜெலட்டின் காயும்போது சுருங்கும். ஓரம் தூக்குவது அந்த இழுப்பில்தான். ஒன்றிரண்டு மடிப்பு இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதுதான் அழகு. மின்விசிறி இல்லாமல், படுக்கை வாட்டில் காயட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் தெளிக்கலாம்.

புதிதாக எடுத்த படங்களையே பயன்படுத்துங்கள். பழையவை விறைத்து விரிசல் விடும். கையுறை கட்டாயம், உள்ளே இருக்கும் ரசாயனக் களிம்பு தோலை அரிக்கும். இன்ஸ்டாக்ஸ் (ஃபியூஜிஃபில்மின் உடனடிப் படம்) படத்தில் இதே முறையை முயன்று நொந்துகொள்ளாதீர்கள், அது இவ்வளவு சுலபமாக உரியாது.