தரையில் ரசப் பாத்திரம், பக்கத்தில் குழந்தை

கேள்வி: மகளுக்கு 14 மாதம். நடக்க ஆரம்பித்துவிட்டாள். சின்ன வீடு, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். நானும் மாமியாரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டும், போன வாரம் கொதிக்கிற ரசத்தில் கை வைக்கப் போய்விட்டாள். எப்படித் தடுப்பது? சுட்டுக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் இந்த விபத்தைப் பிடிக்க முடியாது. 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலையே சுமார் 5 விநாடியில் ஆழமாகப் புண்ணாக்கும். குழந்தைக்குத் தோல் மெல்லியது, அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய ரசம் அதைவிடச் சூடு. அதனால் காவல் முதலில் பாத்திரத்துக்கு.

தரையில் சாப்பிடுவதை விட வேண்டாம். மேடையிலேயே தட்டில் போட்டு எடுத்து வாருங்கள்; குழம்பும் ரசமும் தரைக்கு இறங்கவே கூடாது. மேடையிலும் சுவரோரமாக, கைப்பிடி உள்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். சோற்றுப் பானையைத் தரையில் சாய்த்துக் கஞ்சி வடிப்பது மிக மோசம். கஞ்சி தண்ணீர்போல வழிந்து ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். மடியில் குழந்தை, கையில் டீ என்பதும் வேண்டாம். குளிப்பாட்ட விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

இருவர் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு: அவர் பார்க்கிறார் என்று நீங்கள், நீங்கள் பார்க்கிறீர்கள் என்று அவர். எழுந்து போகும்போது “அத்தை, பாப்பாவை நீங்க பாத்துக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, “சரி” என்ற பதில் வந்த பிறகே நகருங்கள்.

சுட்டுவிட்டால் குழாயடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஓடும் சாதாரணத் தண்ணீரில் சுட்ட இடத்தை 20 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றாலும் நிறுத்தாதீர்கள். உள்ளே சூடு இருக்கும். தண்ணீர் காட்டும்போதே சட்டை, டயபர், காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டயபர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீங்கினால் காப்பு இறுக்கும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

ஐஸ் வேண்டாம், ஏற்கெனவே வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும். பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆழம் எவ்வளவு என்று பார்க்க டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலியும் குழந்தைக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவள் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். புண் அதைவிடப் பெரிதானாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலும், அளவு சிறிதாக இருந்து கொப்புளம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய காயமென்றால் முதலிலேயே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர் தண்ணீர் காட்டட்டும்.