ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டு விழா: மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் படிக்க வந்த ஆண்டிலிருந்து கோடைதோறும், ஹைலேண்ட் எனப்படும் அதன் மலைநாட்டின் மரபான இவ்விளையாட்டு விழாக்களுக்குச் சென்று வருகிறேன். போட்டிகளையும் அவற்றின் வரலாற்றையும் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செப்டம்பர் தொடக்கத்தில் எடின்பரோவில் சேர்கிறேன். எந்த விழாவைப் பார்க்க முடியும்?

பதில்: பருவம் மே முதல் செப்டம்பர் வரைதான் என்பதால், உங்களுக்குக் கடைசி விழாக்களே கிடைக்கும். மன்னர் குடும்பத்தினர் வருகை தரும் பிரேமர் விழா செப்டம்பரின் முதல் சனிக்கிழமையிலும், பிட்லாக்ரி விழா இரண்டாம் சனிக்கிழமையிலும் நடைபெறுகின்றன. பிரேமருக்கு ரயில் இல்லை. அத்திசையில் பாலட்டர் வரை சென்ற பாதையும் 1966இல் மூடப்பட்டுவிட்டதால், அபர்தீனிலிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். பிட்லாக்ரியில் ரயில் நிலையம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு நான் பிட்லாக்ரியையே பரிந்துரைப்பேன். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். வந்தவுடன் அதற்கான அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கேபர் எறிதலில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் எறிவார்கள்?

பதில்: தூரம் அளக்கப்படுவதே இல்லை. கேபர் என்பது ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த நெடிய மரத்தண்டு. பிரேமரில் உள்ளது ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் கொண்டது. வீரர் சிறுத்த முனையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, தண்டைத் தோளில் சாய்த்து, அது விழாமல் சமன் செய்தபடி ஓடி, சட்டென்று நின்று மேல்நோக்கி உந்துகிறார். அப்போது பருத்த மேல்முனை தரையில் குத்தி நிற்க, அவர் பிடித்திருந்த முனை வானில் எழுந்து அப்புறமாகக் கவிழ வேண்டும். ஓடிய திசைக்கு நேராக, அதாவது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள்ளைப் போல விழுந்தால் அது முழுமையான எறிதல். பதினொன்று அல்லது ஒன்றின் பக்கம் சாய்ந்தால் மதிப்புக் குறையும். தண்டு கவிழாவிட்டால், எந்தக் கோணம் வரை எழுந்தது என்பதைப் பக்கவாட்டு நடுவர் கணிப்பார். வலிமையைவிடச் சமநிலைக்கே இங்கு மதிப்பு அதிகம் என்பதை அறிந்து பார்த்தால்தான், கூட்டம் எதற்காகக் கைதட்டுகிறது என்பது விளங்கும்.

கேள்வி: நல்ல படம் எடுக்க எங்கே நிற்கலாம்?

பதில்: மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே. சுத்தியல் எறிதலும் இங்கு ஒரு போட்டி; ஸ்காட்லாந்துச் சுத்தியலுக்கு நீண்ட மரப்பிடி உண்டு. காலணியின் முன்பக்கத்தில் பொருத்திய உலோகத் தகடுகளைப் புல்தரையில் ஊன்றி, கால் நகர்த்தாமல் தலைக்கு மேலே சுழற்றி, முதுகு காட்டி நின்றபடியே வீரர் அதை எறிகிறார். 16 பவுண்டு அல்லது 22 பவுண்டு இரும்பு கை நழுவினால் எத்திசைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து கயிற்றைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: கேபர் எறிதலின் உலக சாதனைத் தூரம் என்ன?

பதில்: தூரம் கணக்கில் இல்லை, மேலே விளக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து விமானக் கட்டணம் எப்போது குறையும்?

பதில்: இது எனக்குத் தெரிந்த துறையன்று, பயண முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் நன்றாக ஓடுவேன். மலையோட்டத்தில் கலந்து பரிசுப் பணம் பெறலாமா?

பதில்: பல விழாக்களில் ஓட்டங்கள் அனைவருக்கும் திறந்தவை, மெதுவாக ஓடுபவர் சில மீட்டர் முன்னால் தொடங்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராகப் பணியாற்றவோ, சுயதொழில் செய்யவோ கூடாது. ஒரு சிறு பரிசுத் தொகை அதற்குள் அடங்குமா என்பதை நானோ நண்பர்களோ தீர்மானிக்கக் கூடாது. பெயர் கொடுக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள்.

கேள்வி: இந்த விழா முழுவதும் விக்டோரியா மகாராணி காலத்தில் புனையப்பட்டது என்று என் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. விக்டோரியா 1848இல் பிரேமர் விழாவுக்கு வந்தது அதற்குப் பெரும் புகழைத் தந்தது. இன்று நாம் காணும் அணிவகுப்பு, டார்டன் எனப்படும் வண்ணக் கட்டமிட்ட துணிகள், அரச மேடை ஆகியவற்றின் தோற்றத்தில் அக்காலத்தின் கை தெரிகிறது. ஆனால் போட்டிகள் அதற்கு முந்தியவை. ஃபால்கர்க் நகரில் பேக்பைப் இசைப் போட்டி 1781இலேயே நடந்தது. அப்போது விக்டோரியா பிறக்கவேயில்லை.

கேள்வி: அப்படியென்றால் 11ஆம் நூற்றாண்டில் மன்னர் மால்கம் மலையோட்டம் நடத்தினார் என்பதும் வரலாறுதானே?

பதில்: அது வழிவழியாக வந்த கதை. வேகமான தூதுவரைத் தேர்ந்தெடுக்க அவர் பிரேமருக்கு அருகிலுள்ள குன்றில் ஓட்டம் நடத்தினார் என்று சொல்வார்கள். கதையை நேசிக்கலாம், சான்றாகக் காட்டக் கூடாது. ஃபைஃப் பகுதியின் சீரெஸ் கிராமமும் 1314இல் பானக்பர்ன் போரிலிருந்து திரும்பியவர்களின் நினைவாகத் தன் விளையாட்டைத் தொடங்கியதாகவே கூறுகிறது.

கேள்வி: சான்றில்லை என்பதால் மரபு பொய்யாகிவிடுமா? எங்கள் ஊர் இளவட்டக்கல்லுக்கும் ஆவணம் இல்லையே.

பதில்: சரியான ஒப்புமை, இதற்காக உங்களுக்கு நன்றி. இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்தவனையே ஊர் ஆண்மகனாக ஏற்றதைப் போல, ஹைலேண்டிலும் ஒரு பெருங்கல்லைத் தூக்கிக் காட்டி வாலிபனாகும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் டொனால்ட் டின்னி என்ற புகழ்பெற்ற வீரர், மொத்தம் ஏறத்தாழ 332 கிலோ எடையுள்ள இரண்டு கற்களைச் சுமந்து பொட்டார்க் பாலத்தின் அகலத்தைக் கடந்ததாகக் கூறுவர். இரும்பு வளையம் பொருத்திய அந்தக் கற்கள் இன்றும் பொட்டார்க்கில் இருக்கின்றன. ஆகவே பேராசிரியருக்கு இப்படிச் சொல்லுங்கள்: மேடையும் உடையும் புதியவையாக இருக்கலாம், ஆனால் கல்லைத் தூக்குவது யாரும் புனைந்ததன்று. சான்றில்லாத ஆண்டுகளை மட்டும் நாம் வரலாறாக்க வேண்டாம்.

கேள்வி: பொட்டார்க்குக்கு எப்படிப் போவது? பேருந்து உண்டா? பிறகு, கேபர் எத்தனை மீட்டர்...

பதில்: பொட்டார்க், அபர்தீனிலிருந்து டீ ஆற்றங்கரைச் சாலை வழியே அபாயின் (Aboyne) என்ற ஊருக்குச் செல்லும் பாதையில் உள்ளது, நேரங்களைப் பேருந்து நிறுவனத்திடம் பாருங்கள். கேபரைப் பற்றி மூன்றாம் முறை பதில் எழுத மாட்டேன்.