ஊருக்குத் திரும்பலாமா? வட ஆற்காட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ‘வரலாமா, இருக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டவர்களுக்கும் தேதியும் தொகையும் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து சங்கடப்படுகிறவர்களில் பலர், விமானம் ஏறும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலையை இறங்கிய பிறகு தொடங்கியவர்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு, இப்போது ரியாத்): அண்ணா, ஒரே கம்பெனியில 9 வருஷம் 8 மாசம் ஆச்சு. சம்பளம் 4,000 ரியால். ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த மாசமே ராஜினாமா கொடுத்துட்டு எக்ஸிட்ல வந்துடலாமா?

பதில்: அம்மாவைப் பார்க்க உடனே வாருங்கள், ஆனால் ஆண்டு விடுப்பில் வாருங்கள். ராஜினாமாவை மட்டும் 10 வருஷம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

சவுதி சட்டப்படி பணிக்கொடை முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷம் ஒரு மாதச் சம்பளம். ஆனால் தானாக ராஜினாமா செய்தால் 2 வருஷத்துக்குள் ஒன்றுமில்லை. 2 முதல் 5 வரை மூன்றில் ஒரு பங்கு, 5 தாண்டி 10 முடியும்வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 முடிந்தால் முழுசு. இன்றைக்கு நீங்கள் விட்டால் கணக்கில் வருவது சுமார் 7.17 மாதச் சம்பளம். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய 19,100 ரியால். நாலு மாதம் பொறுத்தால் 7.5 மாதச் சம்பளம் முழுசாக, அதாவது 30,000 ரியால்.

சம்பளமில்லா விடுப்பு எடுப்பதில் கவனம் வேண்டும். 20 நாளைத் தாண்டினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, மிச்ச நாட்களுக்கு ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும். அது பணிக்காலக் கணக்கில் வில்லங்கமாகலாம். ராஜினாமா கொடுத்தால் கம்பெனி 2 வாரத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும். ‘பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில், பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்து. ஏறிய பணத்தை இக்காமா (சவுதி வசிப்பு அனுமதி) ரத்தாவதற்கு முன் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்; இக்காமா போனபின் கணக்கு முடங்கினால் இங்கிருந்து எடுப்பது பெரும்பாடு.

கேள்வி (குடியாத்தம், இப்போது தோஹா): கையில 38 லட்சம் இருக்குங்க. மனை இருக்கு. வீடு கட்டிட்டு வந்து செட்டிலாகலாம்னு நினைக்கிறேன். சரியா வருமா?

பதில்: வீட்டை முதல் வேலையாக வைக்காதீர்கள். 1,200 சதுர அடிக்குச் சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்தாலும் 27.6 லட்சம். போர், சம்ப், சுற்றுச்சுவர், மின் இணைப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் அதற்கு மேல். கையில் நிற்பது 8 லட்சமோ 9 லட்சமோதான். 7 சதவீத வட்டியில் 8 லட்சத்துக்கு மாதம் 4,700 ரூபாய்கூட வராது. குடும்பச் செலவு மாதம் 35,000 என்றால், அந்த முதலே ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் கரைந்துவிடும்.

அதே 38 லட்சத்தை வங்கியில் வைத்தால் மாதம் சுமார் 22,000 வட்டி வரும். கொண்டசமுத்திரத்திலோ காட்பாடி காந்தி நகரிலோ வாடகைக்கு ஒரு வருஷம் இருங்கள். முதலில் 24 மாதச் செலவை, அதாவது 8.4 லட்சத்தை, தனியாக ஒதுக்குங்கள். மாத வருமானம் எதிலிருந்து என்பது கண்ணுக்குத் தெரிந்தபின் அஸ்திவாரம் தோண்டுங்கள். வெளிநாட்டிலிருந்து மேற்பார்வை பார்த்துக் கட்டுவதைவிட நேரில் நின்று கட்டும்போது கம்பியும் சிமெண்டும் வீணாகாமல் மிச்சமாகும் என்பதும் உண்டு.

கேள்வி (மேல்விஷாரம், இப்போது துபாய்): பாய், அக்டோபருக்கு மேல வந்தா வரி கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

பதில்: பாதி நிஜம் பாய். நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணினால், லீப் வருஷம் இல்லாதபோது, சரியாக 182 நாள். அதனால்தான் 2-ந் தேதிக்கு மேல் வரச் சொல்கிறார்கள். அந்த நிதியாண்டில் ஜூன், ஜூலையில் லீவுக்கு வந்துபோன நாட்களும் சேரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தைய 4 வருஷத்தில் மொத்தம் 365 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர்களுக்கு 60 நாள் கணக்கும் குறுக்கே வரலாம். வருஷம் ஒரு மாத லீவில் வந்துபோகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முன்னாடியே வந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைநிலை கிடைக்கும். முந்தைய 7 வருஷத்தில் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லாதவருக்கும் அது உண்டு. அந்த நிலையில் அங்கே சம்பாதித்து அங்கேயே வாங்கிய வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. 10 வருஷம் தொடர்ந்து வெளியில் இருந்தவர் ஜூனில் வந்தால் குறைந்தது அந்த வருஷமும் அடுத்த வருஷமும் இடைநிலை. அக்டோபர் கடைசியில் வந்தால் அந்த வருஷம் வெளிநாட்டுவாசி, அதன் பிறகு இரண்டு வருஷம் இடைநிலை. தேதி பார்ப்பதன் லாபம் இவ்வளவுதான். இதற்காக நல்ல வேலையை விடவோ கெட்ட வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கவோ தேவையில்லை.

அவரே மறுபடியும்: என்.ஆர்.இ. கணக்கை அப்படியே விட்டுட்டா?

பதில்: கூடாது. அது வெளிநாட்டுவாசிகளுக்கான ரூபாய்க் கணக்கு. நிரந்தரமாக வந்துவிட்டால் வங்கிக்குச் சொல்லி வசிப்பவர் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ (இங்கே வசிப்பவர் வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். இது அந்நியச் செலாவணிச் சட்டம். வருமான வரியின் 182 நாள் கணக்குக்கு இது காத்திருக்காது. என்.ஆர்.இ. வட்டிக்கான வரி விலக்கும் இங்கே குடியேறியதோடு நின்றுவிடும். எஃப்.சி.என்.ஆர். வைப்பை (வெளிநாட்டுவாசி வெளிநாட்டு நாணயத்தில் போடும் வைப்பு) மட்டும் முதிர்வு வரை விடலாம். டாலரில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதை முதிர்ந்ததும் ஆர்.எஃப்.சி.க்கு மாற்றினால், ஆர்.என்.ஓ.ஆர். இருக்கும்வரை அந்த வட்டிக்கு வரி இல்லை. இன்னொன்று: துபாய் சிம்மை உடனே அறுத்துவிடாதீர்கள். அங்குள்ள வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.

கேள்வி (ஆற்காடு, இப்போது குவைத்): பொண்ணு எட்டாவது, சி.பி.எஸ்.இ. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை, அதுவும் வேலூர் சி.எம்.சி. மெடிக்கல் காலேஜ்ல. எப்ப கூட்டிட்டு வரணும்?

பதில்: அடுத்த ஏப்ரலில், ஒன்பதாவது தொடங்கும்போது. அது தப்பினால் பத்தாவது முடித்து பதினொன்றுக்கு வாருங்கள். பத்தாவதின் நடுவிலும் பன்னிரண்டின் நடுவிலும் மாற்றாதீர்கள்; ஒன்பதிலும் பதினொன்றிலும் வாரியப் பதிவு நடந்துவிடும், பிறகு மாறுவதற்குத் தனி அனுமதி வேண்டும். சி.பி.எஸ்.இ.யிலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு வருவதே இலகு. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது பொதுத்தேர்வில் தமிழ் உண்டு. அங்கே ஹிந்தியோ பிரெஞ்சோ இரண்டாம் மொழியாகப் படித்த பிள்ளைக்கு இரண்டு வருஷத்தில் செய்யுளும் இலக்கணமும் ஏறுவது சிரமம்.

மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடத்துக்கு இன்னொரு தாள் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படிக்காதவர்கள் இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) காட்ட வேண்டும். உங்கள் பிறப்பு, படிப்புச் சான்றுகளைத் தேடி எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள். நீட் முடிவு வந்த வாரத்தில் அங்கே கூட்டம் நெரியும். மாற்றுச் சான்றிதழை வாங்கும்போதே அந்நாட்டுக் கல்வித்துறை முத்திரையும் இந்தியத் தூதரக முத்திரையும் போட்டுக்கொள்ளுங்கள். சி.எம்.சி.க்கும் நீட் மதிப்பெண்தான் வாசல்.

கேள்வி (காட்பாடி, இப்போது டெக்சஸ்): கிரீன் கார்டு இருக்கு. பையன் அங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ரெண்டு வருஷம் ஊர்ல இருந்து பார்த்துட்டு, ஒத்துவரலைன்னா திரும்பிடலாமா சார்?

பதில்: திரும்பலாம், அதற்குக் கிளம்பும் முன் அமெரிக்காவில் இருக்கும்போதே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு மனு போட வேண்டும். ஐ-131 என்ற படிவம் அது. பெர்மிட் பொதுவாக 2 வருஷம் செல்லும். அது இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டை வைத்து உள்ளே போக முடியாது. இங்கே இருக்கும் காலத்திலும் கார்டு உள்ளவரை உலக வருமானம் முழுவதையும் அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டும். இந்தியக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் உண்டு. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரிக்கு மேல் பெரும்பாலும் 10 சதவீத அபராதம். சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் 10 வருஷ வேலை வேண்டும். உங்களுக்கு ஒன்பதரை வருஷம் ஆகியிருந்தால் அதை முடித்துவிட்டே கிளம்புங்கள்.

பையன் விஷயம்தான் உங்களுக்குப் பெரிது. 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கிய பிள்ளைகள், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மருத்துவ, பொறியியல் இடங்களுக்குப் போட்டியிட முடியாது; என்.ஆர்.ஐ. இடங்கள்தான், கட்டணமும் அதற்கேற்றபடி. அறிவிப்புக்கு முன்பே கார்டு வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பையனின் ஓ.சி.ஐ. கார்டின் தேதியை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (வாணியம்பாடி, இப்போது மஸ்கட்): பாலாறு ஓரமா மனை ஒண்ணு மலிவா வருது. வாங்கிப் போடலாமா?

பதில்: தண்ணீரைப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரை எத்தனையோ வருஷமாகக் கெடுத்திருக்கிறது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனைக் கழுவி, 2 லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2,000 தாண்டினால் குடிக்க ஆகாது. குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது. அதைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரியை நம்ப வேண்டாம், மே மாதம் எடுங்கள். சோதனை தேறினால் டி.டி.சி.பி. (நகரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பாருங்கள். விவசாய நிலம் என்றால் வெளிநாட்டில் இருக்கும்வரை நீங்கள் வாங்க முடியாது. ஊருக்கு வந்து குடியேறிய பிறகு வாங்கலாம்.

கேள்வி (சத்துவாச்சாரி, இப்போது பஹ்ரைன்): நம்ம ஊர்லயே சி.எம்.சி. இருக்கு, காப்பீடு எதுக்கு?

பதில்: ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தாலும் பில் உங்களுடையதுதான். சர்க்கரை, பிரஷர் ஏற்கெனவே இருந்தால் பாலிசி எடுத்து 3 வருஷம் வரை அந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தைக் காப்பீட்டுக் கம்பெனி வைக்கலாம். 2029-ல் வருவதாக இருந்தால் 2026-லேயே இங்கே பாலிசி எடுத்து, நோயை மறைக்காமல் எழுதி, விடாமல் புதுப்பித்து வாருங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு.

கேள்வி (ஆம்பூர், இப்போது ஜெத்தா): வீட்டம்மா வர மாட்டேங்குறாங்க. மாமியாரோட ஒத்துப்போகாதுன்றாங்க. இன்னா பண்றது?

பதில்: அவங்க சொல்வதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் தனிக்குடித்தனம் நடத்தியவருக்கு, கூட்டுக் குடும்பத்து அடுப்படியில் மறுபடி மருமகளாக நிற்பது பெரிய மாற்றம். அதே தெருவில் தனி வாடகை வீடு பாருங்கள். அம்மாவைத் தினம் பார்க்கலாம், சமையல் தனி. மே மாதம் தொடங்கி ஆறு வாரம் விருந்தாளியாக இல்லாமல், ரேஷன், மின்வெட்டு, ஸ்கூல் வேன் எல்லாம் பார்த்தபடி இருவரும் இருந்து பாருங்கள். அவங்க அங்கே வேலை பார்க்கிறவர் என்றால் இங்கே அவருக்கு என்ன வேலை என்பதை உங்கள் வேலைக்கு முன் தேடுங்கள்.

கேள்வி (அவரே): அவங்க நகையெல்லாம் கொண்டுவரலாமா?

பதில்: ஒரு வருஷத்துக்கு மேல் வெளியில் இருந்தவருக்கு வரியில்லாமல் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம், நகையாக மட்டும். பிஸ்கட்டுக்கும் காசுக்கும் இந்தச் சலுகை இல்லை. அதற்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். இங்கிருந்து போட்டுக்கொண்டு போன பழைய நகை என்றால், போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அடுத்த லீவு முடிந்து கிளம்பும்போது சென்னை விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.