அமேசான் தொட்டிக்கு வேலூர் தண்ணீர் ஒத்துவருமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.25 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். வளர்ந்தாலும் சின்னதாகவே இருக்கும் குட்டி சிக்லிட் வகை மீன்களை, அவை வாழும் ஆற்றைப் போலவே அமைத்து வளர்க்க ஆசை. இரண்டு முறை அந்த வகையில் அபிஸ்டோகிராமா ஜோடி வாங்கினேன். இரண்டு முறையும் பத்து நாளுக்குள் இறந்துவிட்டன. மரக்கட்டை, பாதாம் இலை எல்லாம் போட்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) 900. எங்கே தவறு?

பதில்: தண்ணீரில்தான். அதைச் சரிசெய்யும் வரை மூன்றாவது ஜோடி வாங்க வேண்டாம்.

நீங்கள் ஆசைப்படும் மீன்கள் அமேசான், ஒரினோகோ ஆறுகளின் ஓரத்தில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழ்பவை. அங்கே மழை அதிகம், மண்ணில் சுண்ணாம்பு மிகக் குறைவு. ரியோ நெக்ரோ போன்ற கறுப்புத் தண்ணீர் ஆறுகளில் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் 10, 20 என்றுதான் காட்டும். உங்கள் 900-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் நிலத்தடி நீர் பாறைக்குள் கிடந்து உப்பு ஏறியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவின் உப்பும் சேர்ந்திருக்கும். மீட்டர் 900 என்று சொல்லுமே தவிர, அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

பாதாம் இலை போட்டும் ஏன் பலனில்லை என்று கேட்கலாம். இலையிலிருந்து இறங்கும் அமிலம் கொஞ்சம்தான். கடின நீரில் உள்ள பைகார்பனேட் அதை அப்படியே விழுங்கிவிடும். தண்ணீர் வரக்காப்பி நிறத்துக்கு வந்துவிடும், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மட்டும் 8-லேயே நிற்கும். நானும் முதல் தொட்டியில் அந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்தவன்தான். மூன்று வாரம் கழித்து பி.எச். பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஆகவே ஒரு டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். சோதனைச் சொட்டு மருந்தும் முதலில் வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரை அளந்து பாருங்கள். 40 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது குடம் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு குடம் போர் தண்ணீர் கலந்தால் சுமார் 126 வரும். பண்ணையில் பிறந்த குட்டி சிக்லிட்டுகளுக்கு இது நல்ல அளவு. வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றாதீர்கள். தாது எதுவும் இல்லாத தண்ணீரில் பி.எச். ஒரே இரவில் சரிந்துவிடும். உங்கள் தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வந்தால் போரை விட்டுவிட்டு அதையே கலந்துகொள்ளலாம், அளவை மட்டும் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளோரினுக்கு கடையில் விற்கும் ஆன்டி குளோரின் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைநீர் கிடைத்தால் விடாதீர்கள். முதல் இரண்டு மழை மாடியைக் கழுவட்டும், மூன்றாவது மழையிலிருந்து டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். இதைவிடச் சிறந்த மென்னீர் நமக்குக் கிடைக்காது.

அடுத்தது, எந்த ஆற்று மீன்? இதில் என் கருத்து உறுதியானது. வேலூரில் முதல் தொட்டிக்கு அபிஸ்டோகிராமாவை விட, ராம் என்ற இன்னொரு குட்டி சிக்லிட்தான் பொருத்தம். காரணம் வெயில். அபிஸ்டோகிராமாவில் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி போதும். கத்திரி வெயிலில் நம் கான்கிரீட் வீட்டுத் தொட்டி 33-ஐத் தொட்டுவிடும். அப்படியே பிழைத்து முட்டையிட்டாலும், அதிகச் சூட்டில் வளரும் அபிஸ்டோ குஞ்சுகளில் ஆண்களே மிகுதியாக வரும். இது ஆய்வில் பலமுறை பார்த்த விஷயம். ராம் அப்படியல்ல. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோகோவை ஒட்டிய லானோஸ் புல்வெளியின் ஓடை, குட்டைகள்தான் அதன் வீடு. 1948-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன் 27 முதல் 30 டிகிரியில் தெம்பாக இருக்கும். அபிஸ்டோதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கொண்டைத் துடுப்புள்ள காக்கட்டூ வகையை எடுங்கள். அந்தக் குடும்பத்தில் தண்ணீர் வித்தியாசத்தைக் கொஞ்சம் பொறுக்கும் மீன் அது. தொட்டியைத் தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத அறையில் வையுங்கள்.

இனி அடித்தளம். இந்த மீன்கள் மணலைத் தின்பவை போலத் தெரியும். தலையைச் சாய்த்து ஒரு வாய் மணலை அள்ளும், கன்னம் இரண்டு தடவை அசையும், உள்ளே இருந்த இரை தங்கிவிட, மணல் மட்டும் செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிரும். அதனால் எம்-சாண்ட் கூடவே கூடாது. உடைத்த கல் அது, முனை கூராக இருக்கும், செவுளைக் கீறிவிடும். உருண்ட, மெல்லிய ஆற்று மணல் வேண்டும். பூச்சு வேலைக்குச் சலிக்கும் சல்லடையில் சலித்து, கழுவும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பிறகு ஒரு கைப்பிடி மணலில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுக்காங்கல்லோ கிளிஞ்சலோ கலந்திருக்கிறது. அந்த மணல் நீங்கள் சிரமப்பட்டுச் செய்த மென்னீரை மறுபடி கடின நீராக்கிவிடும். அலங்காரக் கல்லுக்கும் இதே சோதனைதான். இரண்டு அங்குல மணல் போதும்.

மணலின் மேல் கட்டை. காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக் கிளை நல்லது, ஒரு வாரம் ஊறவைத்தால் மூழ்கிவிடும். வேம்பு வேண்டாம், அதன் கசப்புச் சத்து மீனுக்கு ஆகாது. கிளைகளை ஒரு மூலையிலிருந்து வேர் பரவுவது போலச் சாய்த்து வையுங்கள். நடுவில் மறைவு இருந்தால்தான் துரத்தப்படும் மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். இலைக்கு மரத்திலேயே சிவந்து தானாக விழுந்த பாதாம் இலை, கொய்யா இலை, பலா இலை. சவ்வாது மலைப் பக்கம் போனால் பலா இலைக்குப் பஞ்சமில்லை. மருந்தடித்த தோப்பிலும் சாலை ஓரத்திலும் பொறுக்காதீர்கள். காயவைத்து, கழுவி, முதலில் ஐந்தாறு இலை, வாரம் நாலைந்தாகச் சேர்த்துத் தரையின் பாதியை மூடுங்கள். மட்கி எலும்பாகும் இலையை எடுத்து எறிய வேண்டாம். அதன்மேல் படியும் வழுவழுப்பில் வாழும் நுண்ணுயிர்கள்தான் குஞ்சுகளின் முதல் சாப்பாடு. ராம் முட்டையிட ஒரு தட்டையான கருங்கல் வையுங்கள். அபிஸ்டோ என்றால், வாயில் சின்னதாக உடைத்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் பெண் உள்ளே குடியேறிவிடும்.

மிதக்கும் செடி கொஞ்சம் இருக்கட்டும், வெளிச்சம் மட்டுப்படும். நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையின் சொந்த ஊரே அமேசான்தான். ஆனாலும் அதை ஏரியிலிருந்து எடுத்து வந்து போடாதீர்கள், அட்டையும் சாக்கடைக் கழிவும் சேர்ந்து வரும். அதேபோல உங்கள் தொட்டிச் செடியையோ மீனையோ ஏரியில் விடவே கூடாது. ஒரு செடி வந்து என்ன செய்தது என்பதை நம் ஏரிகளில் தினம் பார்க்கிறோம்.

வடிகட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மீன் இல்லாமல் நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடட்டும், தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள்; அது அழுகினால்தான் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். அமில நீரில் இந்தப் பாக்டீரியா மெதுவாகவே பெருகும், அவசரப்படாதீர்கள். அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. பி.எச். 6 அளவில் அம்மோனியா அதிகக் கெடுதல் செய்யாத அம்மோனியமாக இருக்கும். அந்த நிலையில் ஒரு வாளி போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். ஏறி, அது சட்டென்று விஷ அம்மோனியாவாக மாறும். தண்ணீர் மாற்றும்போதும் அதே 126 கலவைதான், வாரத்துக்கு இரண்டு குடம். வெயிலில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

மீன் வாங்கச் சென்னை கொளத்தூர் போகும்போது மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தொட்டியை அளக்க அனுமதி கேளுங்கள். அங்கே 600, உங்களிடம் 126 என்றால், மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பழக்கிவிட்டுத்தான் விட வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் சின்ன ராம் மீனைத் தவிர்ப்பேன். நிறம் வர ஹார்மோன் கொடுத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் மங்கலாக, ஆனால் துடுப்பை விரித்துக்கொண்டு தீனிக்கு ஓடிவரும் மீனை எடுங்கள். ஆறு இளம் மீன்களை ஒன்றாக விட்டால் ஜோடி தானே சேரும். கூட்டாளியாகப் பத்துப் பன்னிரண்டு கார்டினல் டெட்ரா போதும். அவை நிம்மதியாக வெளியே நீந்தினால்தான் ராமும் பயம் விட்டு வெளியே வரும்.

கடைசியாக மார்கழி. வேலூரில் ஹீட்டர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். மார்கழி, தை இரவுகளில் தொட்டி 22 டிகிரிக்கு இறங்கும், ராம் மீனுக்கு வெண்புள்ளி நோய் வருவது அப்போதுதான். 27-இல் ஹீட்டரை வைத்து மாசி பிறந்ததும் எடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்பும் வேண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இப்போதே தொட்டியை நிரப்பி ஓடவிடுங்கள், ஆறாவது வாரத்தில் அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மீன் எடுக்கலாமா என்று சொல்கிறேன்.