தோழி இல்லாத தலைவி

அன்புள்ள ஐயா,

நானும் அவனும் கோவையில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறோம். ஐந்து வருட நட்பு. என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவனைத் தவிர எனக்கு நெருங்கிய நண்பர்களும் இல்லை. இப்போது அவனையே திருமணம் செய்துகொள்ளலாமே என்று தோன்றுகிறது. அவன் கிறித்தவன், நாங்கள் இந்துக்கள். சொன்னால் இருக்கிற நட்பும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. செம்புலப் பெயல்நீர்போல எங்கள் மனம் கலந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நட்பிலிருந்து நல்ல மணவாழ்க்கை அமையுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமையும். சொல்லிவிடுங்கள். ஒரு கேள்வியைத் தாங்காத நட்பு ஐந்து வருடம் ஓடியதே அதிகம். மதத்தைச் சொல்லி இரண்டு வீட்டிலும் அழுவார்கள், அழட்டும். செம்புலப் பெயல்நீரை மட்டும் விட்டுவிடுங்கள். அது செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சம் கலந்த, முன்பின் அறியாத இருவரின் குறுந்தொகைப் பாட்டு. ஐந்து வருடம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

என்னை உறுத்தியது, அவனைத் தவிர நெருங்கிய நண்பர்கள் இல்லை என்ற வரி. அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

குறுந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். தலைவனைவிடத் தோழிதான் அதிகம் பேசுகிறாள். இரவில் மலைவழியே வந்து போகிறவனை, எப்போது மணக்கப்போகிறாய் என்று நெருக்குகிறவள் அவள். மகளின் மெலிவுக்குக் காரணம் முருகன் என்று வீட்டார் பூசாரியை அழைத்து வெறியாட்டுச் சடங்கைத் தொடங்கும்போது உண்மையை உடைத்து அறத்தொடு நிற்பவளும் அவள்தான். பரத்தையிடம் போய்த் திரும்பியவனை உள்ளே விடாமல் வாசலிலேயே மறுப்பவளும் அவளே. தலைவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இந்த வேலைகளைச் செய்ய முடியாது, வழக்கே அவன்மேல்தானே! நண்பனை மணந்தால் கணவன் கிடைப்பான். வழக்கைக் கேட்க ஆள் இருக்காது. என் கணவர்தான் என் சிறந்த நண்பர் என்று மணநாளில் எழுதிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கணவர்மீது எரிச்சல் வந்தால் இந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

என் நண்பர்கள் இருவர் கல்லூரியிலிருந்தே இணைபிரியாதவர்கள், பிறகு மணந்துகொண்டார்கள். முதல் பெரிய சண்டையில் அவள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அவனும் வந்தான். என் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவள் தூங்குகிறாள், நாளைக்கு வாருங்கள்" என்றாள். அவளோ உள்ளே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். நான் அவனை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். "இப்படி ஒன்று நடந்தால் முதலில் அவளிடம்தானே சொல்வேன்" என்று புலம்பினான். திரும்பி வந்து பார்த்தால், அவளும் அதையேதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

மதம் மாறாமல் மணப்பதென்றால் நீங்கள் போகவேண்டியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழி. முதலில் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பை ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு உங்கள் இருவரோடு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டார் வருவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அந்த மூவர் யார்? அடுத்த கடிதத்தில் செம்புலமும் பெயலும் வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.