டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆர்ஏ’ என்று இருக்கிறது, அம்மாவுக்கு முடக்குவாதமா?

கேள்வி: நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அம்மா வீடு திரும்பியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எஸ்பிஓ2 97% ஆர்ஏ’ என்று இருக்கிறது, எக்கோ ரிப்போர்ட்டிலும் ‘ஆர்ஏ நார்மல்’ என்று வருகிறது. தேடிப் பார்த்தால் ஆர்ஏ என்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது. மருந்து தொடங்க வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம், தயவுசெய்து எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு இடத்திலுமே அந்த ஆர்ஏவுக்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை.

எஸ்பிஓ2, அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஒட்டி வருவது ‘ரூம் ஏர்’. மாஸ்க், டியூப் எதுவும் இல்லாமல், சுமார் 21% ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடியே அம்மாவுக்கு 97% இருந்திருக்கிறது, நிமோனியாவிலிருந்து தேறியவருக்கு இது நல்ல செய்தி. ஆக்சிஜன் வைத்துக்கொண்டு 97% வந்திருந்தால் அவ்வளவு நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள், அதனால்தான் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதுகிறோம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் வருவது ‘ரைட் ஏட்ரியம்’, இதயத்தின் வலது மேலறை. அது நார்மல்.

சரி, முழங்கால் வலிக்கு வருவோம். முடக்குவாதம் பெரும்பாலும் விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும், அதுவும் இரண்டு கையிலும் ஒன்றாக, வீக்கத்தோடு ஆரம்பிக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடக்க முடியாமல் விறைத்திருக்கும், இது வாரக்கணக்கில் நீடிக்கும். வயதானவருக்கு முழங்கால் மட்டும், நடந்தால் கூடுதலாகவும் உட்கார்ந்தால் குறைவாகவும் வலித்தால், அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். அப்புறம், லேபில் போய் ‘ஆர்ஏ ஃபேக்டர்’ ரத்தப் பரிசோதனையை நீங்களாகச் செய்துவிடாதீர்கள். ஆரோக்கியமான முதியவர்கள் சிலருக்கும் அது பாசிட்டிவாக வரும், உண்மையிலேயே நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவாகவும் வரும். மூட்டைத் தொட்டுப் பார்க்காமல் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை, நிமோனியா வந்து இப்போதுதான் எழுந்திருப்பவருக்குத் தேவையில்லாமல் அந்த மருந்தைக் கொடுத்தால் ஆபத்து.

உங்கள் குழப்பத்தில் எங்கள் தரப்புத் தவறும் இருக்கிறது. நோயாளி கையில் கொடுக்கும் தாளில் சுருக்கெழுத்தே இருக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். ‘எம்எஸ்’ என்று எழுதினால் மார்ஃபின் சல்ஃபேட்டா, மெக்னீசியம் சல்ஃபேட்டா என்று மருத்துவ ஊழியர்களே தடுமாறக்கூடும் என்பதால், அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் அதைப் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கே இந்தப் பாடு என்றால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது சம்மரியைக் கையோடு கொண்டுபோய், புரியாத ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பக்கத்தில் விரிவாக எழுதித் தரச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். முழங்காலையும் அப்போதே காட்டிவிடுங்கள். அதற்கு முன்பே அம்மாவுக்கு மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் திரும்பினாலோ தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.